வாசகர் கேள்வி – பதில்: படித்தது ஏன் தேர்வறையில் வருவதில்லை?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பத்தாம் வகுப்பு, மேல்நிலை வகுப்பு மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் எழுதியவை. திருப்புதல் தேர்வுகள் நடக்கும் காலம் என்பதால் கேள்விகளும் ஏறக்குறைய படிக்கும் முறையைப் பற்றியே இருந்தன. ஒத்த கேள்விகளைச் சேர்த்து, கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். சமூக அறிவியலுக்கு மட்டும் தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறேன். ஒரு பாடத்தை நான்கைந்து முறை வாசித்த பிறகுதான் எழுந்திருப்பேன். படித்து முடிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கிறது. ஆனால் திருப்புதல் தேர்வில் முதல் இரண்டு வரிகளுக்கு மேல் எழுத வரவில்லை. எனக்கு ஞாபகசக்தி குறைவா ஐயா?
– மாணவி, செய்யாறு

பதில்: உங்கள் ஞாபகசக்தியைக் குறை சொல்ல உங்கள் கடிதத்தில் எந்தக் காரணமும் இல்லை. நாள்தோறும் ஒரே பாடத்துக்கு இரண்டு மணி நேரம் உட்காருகிறவரின் உழைப்பையும் குறை சொல்ல முடியாது. அந்த இரண்டு மணி நேரம் எதில் செலவாகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு பாடத்தை நான்காவது முறை வாசிக்கும்போது வரிகள் கண்ணுக்கு நன்றாகப் பழகிவிடுகின்றன. அடுத்து வரப்போவது என்ன என்பது பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஆகவே பாடம் வந்துவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வதும், எதையும் பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்து எழுதுவதும் வெவ்வேறு திறமைகள். நீங்கள் வீட்டில் வளர்த்துக்கொண்டது முதலாவதை. தேர்வில் கேட்கப்படுவது இரண்டாவது.

இந்த வேறுபாட்டை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் சிறிய உரைநடைப் பகுதிகளைப் படித்தார்கள். ஒரு பகுதியை மறுபடியும் வாசித்தார்கள். மற்றொரு பகுதியை வாசிக்காமல், நினைவில் இருந்ததை வெற்றுத்தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மறுபடி வாசித்த பகுதியில் 81 சதவீதமும், எழுதிப் பார்த்த பகுதியில் 75 சதவீதமும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது: வாசித்தது 42 சதவீதம், எழுதிப் பார்த்தது 56 சதவீதம். படித்து முடித்ததும் எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அந்த உணர்வு பொய்யல்ல. ஐந்தாவது நிமிடத்தில் அது உண்மைதான். தேர்வு ஐந்தாவது நிமிடத்தில் வருவதில்லை என்பதுதான் சிக்கல்.

ஆகவே முறையை இப்படி மாற்றிப் பாருங்கள். முதல் உலகப்போருக்கான காரணங்கள் என்ற நெடுவினாவை எடுத்துக்கொள்வோம். பாடப்பகுதியை ஒரு முறை, அவசரப்படாமல், பொருள் விளங்கும்படி வாசியுங்கள். பிறகு புத்தகத்தை மூடி, கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதுங்கள். ஐரோப்பா இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்றது, தீவிர தேசியம், மொராக்கோ சிக்கல், பால்கன் போர்கள், 1914 ஜூன் 28-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டது என்று தலைப்புகள் மட்டும் வந்தாலும் போதும். எந்த அணியில் எந்த நாடுகள் என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். நிற்கட்டும், உடனே புத்தகத்தைத் திறந்துவிடாமல் இரண்டு மூன்று நிமிடம் யோசியுங்கள். ஜெர்மனியும் ஆஸ்திரியா–ஹங்கேரியும் வந்து, மூன்றாவது நாடு வராமல் தொல்லை கொடுக்கும். அதன்பின் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போன இத்தாலியைச் சிவப்பு மையால் எழுதுங்கள். அப்படித் தேடித் தவித்த பிறகு கிடைத்த செய்தி எளிதில் மறப்பதில்லை. முதல் நாள் தாளில் பாதிக்கு மேல் சிவப்பாக இருந்தால் மனம் தளர வேண்டாம். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். நாளைக்கு எந்த வரியில் கவனம் வைக்க வேண்டும் என்பதை அந்தச் சிவப்பு மை உங்களுக்குச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவதாக, ஒரே பாடத்தை ஒரே அமர்வில் நான்கு முறை படிப்பதற்குப் பதிலாக, அந்த நான்கு முறையையும் நான்கு நாட்களுக்குப் பிரித்துவிடுங்கள். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே இதைத் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக் கண்டறிந்தார். பொருளற்ற அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து பார்த்ததில், ஒரே நாளில் 68 முறை திரும்பச் சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாட்களுக்குப் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே பெற முடிந்தது. மறதி முதல் சில மணி நேரத்தில்தான் மிக வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்பதையும் அவர் காட்டினார். எனவே இன்று படித்த பாடத்தை நாளை ஒரு முறை, நான்கு நாள் கழித்து ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை மூடிய புத்தகத்தோடு எழுதிப் பாருங்கள். இரண்டாவது முறைக்குப் பாதி நேரம்கூட ஆகாது. மீதமாகும் நேரத்தில் பழைய பாடங்களைத் திருப்பிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை புதிய பாடம் எதையும் தொட வேண்டாம். அந்த வாரத்துத் தாள்களை மட்டும் எடுத்துவைத்து, சிவப்பு மை இருந்த இடங்களை மீண்டும் எழுதிப் பார்ப்பது போதும்.

வண்ணப் பேனாவால் கோடிட்டுப் படிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கோடிடுவதில் தவறில்லை, ஆனால் ஜான் டன்லாஸ்கியும் அவருடைய குழுவினரும் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, கோடிடுவதும் மறுபடி மறுபடி வாசிப்பதும் பயன் குறைந்த பட்டியலில்தான் இடம்பெற்றன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மட்டுமே அதிகப் பயன் தருபவை என்ற மதிப்பைப் பெற்றன.

கேள்வி: என் மகன் இரவு பன்னிரண்டு மணி வரை படிக்கிறான். விடியற்காலையில் படித்தால் மனதில் நிற்கும் என்று நான்கு மணிக்கு எழுப்பிவிடுகிறேன். புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுகிறான். திட்டினால் கோபப்படுகிறான். கைப்பேசியும் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. என்ன செய்வது?
– தந்தை, திருப்பூர்

பதில்: உங்கள் கவலை புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை என்றால் நான்கு மணி நேரத் தூக்கம். 13 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016-இல் பரிந்துரைத்திருக்கிறது. உங்கள் மகனுக்குக் கிடைப்பது அதில் பாதி. பகலில் படித்தவை நினைவில் உறுதிப்படுவது பெருமளவு தூக்கத்தின்போதுதான் நடக்கிறது என்பதால், தூக்கத்தைக் குறைத்துச் சேர்க்கும் நேரம் அவன் ஏற்கெனவே படித்ததையே அரித்துவிடுகிறது. வளரிளம் பருவத்தில் உடலின் உள்கடிகாரம் சற்றுப் பின்தள்ளிப்போய், இரவில் தூக்கம் தாமதமாக வருவதும் காலையில் எழச் சிரமமாக இருப்பதும் இயற்கை. அதைச் சோம்பல் என்று திட்டினால் பிள்ளை உங்களிடமிருந்து விலகுவானே தவிர, விழித்துக்கொள்ள மாட்டான்.

விடியற்காலையில் படிப்பது தவறான வழக்கம் அன்று. வீடு அமைதியாக இருக்கும், மனம் தெளிவாக இருக்கும். ஆனால் ஐந்தரை மணிக்கு எழ வேண்டுமானால் இரவு ஒன்பதரைக்குள் படுக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மகனிடமே விட்டுவிடுங்கள். அவனுக்கு இரவு ஏற்றது என்றால் பத்தரை வரை படித்துவிட்டு ஆறரைக்கு எழட்டும்.

கைப்பேசியைப் பொறுத்தவரை, மேசையில் கவிழ்த்துவைப்பதாலோ ஒலியை அணைத்துவைப்பதாலோ பெரிய பயன் இல்லை. கை தானாகவே போய்விடும். படிக்கும் நேரத்தில் அது வேறு அறையில் இருப்பதே நல்லது. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது என்பது பல வீடுகளின் உண்மை நிலை. மாலையில் ஒரு முறை அதைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டு கைப்பேசியை உங்களிடம் தந்துவிடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீங்களும் உங்கள் கைப்பேசியைத் தள்ளிவைத்தால், நீங்கள் சொல்வதை அவன் மதிப்பான்.

கேள்வி: கணக்கில் ஒவ்வொரு பயிற்சியையும் முழுவதும் போட்டுப் பார்க்கிறேன். வீட்டில் எல்லாம் சரியாக வருகிறது. தேர்வில் வினாவைப் படித்ததும் எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்றே தெரியவில்லை. இதற்கு வழி சொல்லுங்கள்.
– பத்தாம் வகுப்பு மாணவர், மேலூர்

பதில்: அளவியல் பாடத்தில் கூம்பின் வளைபரப்பைப் பற்றிய பயிற்சியை நீங்கள் போடும்போது, பத்துக் கணக்குக்கும் ஒரே சூத்திரம்தான் என்பது வினாவைப் படிப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். பயிற்சியின் தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. எண்களைப் பொருத்திச் சுருக்குவது மட்டும்தான் உங்கள் வேலை. தேர்வுத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. எட்டுப் பாடங்களின் கணக்குகளும் கலந்து வரும். எந்தச் சூத்திரம் என்று தீர்மானிக்கும் பயிற்சியை நீங்கள் ஒருநாளும் செய்யவில்லை என்பதால் அங்கே தடுமாறுகிறீர்கள்.

தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்காகவே செய்தது போல இருக்கிறது. நான்கு வகைத் திண்ம உருவங்களின் கனஅளவைக் காணக் கற்ற மாணவர்களில் ஒரு குழு ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகப் பயிற்சி செய்தது. மற்றொரு குழு நான்கையும் கலந்து செய்தது. பயிற்சியின்போது தனித்தனியாகச் செய்தவர்கள் 89 சதவீதமும், கலந்து செய்தவர்கள் 60 சதவீதமும் சரியாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் தனித்தனியாகச் செய்தவர்கள் 20 சதவீதத்துக்கு விழுந்துவிட்டார்கள். கலந்து செய்தவர்கள் 63 சதவீதம் எடுத்தார்கள். வீட்டில் எல்லாம் சரியாக வருவது நல்ல அறிகுறி என்று நாம் நினைப்பது எவ்வளவு தவறு என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

ஒரு பயிற்சியை முதன்முதலாகக் கற்கும்போது வரிசையாகவே போடுங்கள். அதில் மாற்றம் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும், வெவ்வேறு பாடங்களிலிருந்து பத்துக் கணக்குகளைத் துண்டுத் தாள்களில் எழுதிக் குலுக்கி எடுங்கள். எடுத்ததும் கணக்கைப் போடத் தொடங்காமல், இது எந்தப் பாடம், எந்தச் சூத்திரம், அதற்கு வினாவில் உள்ள எந்தச் சொல் காரணம் என்று ஒரு வரி எழுதுங்கள். கூடாரம் அமைக்கத் தேவையான கித்தான் துணி என்றால் பரப்பு. தொட்டியில் பிடிக்கும் தண்ணீர் என்றால் கனஅளவு. ஓர் உலோகக் கோளத்தை உருக்கிச் சிறு கோளங்கள் செய்தார்கள் என்றால், உருவம் மாறினாலும் கனஅளவு மாறாது என்பதே திறவுகோல். சம்பளம் ஆண்டுதோறும் 2,000 ரூபாய் உயர்கிறது என்றால் கூட்டுத் தொடர்வரிசை. ஆண்டுதோறும் 5 சதவீதம் உயர்கிறது என்றால் பெருக்குத் தொடர்வரிசை. பத்தில் ஐந்தை மட்டும் முழுவதும் போட்டாலும் போதும், பத்துக்கும் அந்த ஒரு வரியை எழுதிவிட வேண்டும். முதல் சில வாரங்கள் நிறையத் தவறுகள் வரும். அவற்றைக் கண்டு பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள்.

கைடைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடையைப் பார்த்துப் புரிந்துகொள்வதைக் கணக்குப் போட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். பார்த்தே தீர வேண்டியிருந்தால் பாருங்கள். பிறகு அதை மூடிவிட்டு, மறுநாள் அதே கணக்கை நீங்களாகவே போட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகள் 'பார்த்துக் கற்பவளா, கேட்டுக் கற்பவளா' என்று கண்டுபிடித்து அதற்கேற்பப் பயிற்சி தருவதாக ஒரு தனியார் மையத்தில் சொல்கிறார்கள். கட்டணம் அதிகம். சேர்க்கலாமா?
– தாய், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். ஒவ்வொருவருக்கும் படிப்பதில் ஒரு விருப்பம் இருக்கலாம்; ஆனால் அந்த விருப்பத்துக்கு ஏற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹரால்டு பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008-இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து முடிவு சொன்னார்கள். எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதைப் பாடம்தான் தீர்மானிக்கிறது. இதயத்தின் அமைப்பைப் படம் வரைந்துதான் கற்க முடியும். செய்யுளை வாய்விட்டுச் சொல்லித்தான் கற்க முடியும். நீ கேட்டுக் கற்பவள் என்று ஒரு குழந்தைக்கு முத்திரை குத்திவிட்டால், படம் வரையும் பயிற்சியையே அவள் விட்டுவிடக்கூடும். அந்தப் பணத்தைச் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். இப்போது பிளஸ் ஒன்னில் ஆங்கில வழி. இயற்பியலில் பொருள் புரியாமலேயே வரிக்கு வரி மனப்பாடம் செய்கிறேன். ஒரு சொல் மறந்தால் முழு விடையும் போய்விடுகிறது.
– மாணவி, அறந்தாங்கி

பதில்: உங்களைப் போன்ற பலர் இந்தச் சிரமத்தைத் தனியாகவே சுமக்கிறார்கள், கேட்டதற்கு நன்றி. உங்களுக்கு உடனடியாக உதவக்கூடிய ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இரண்டு பயிற்றுமொழிகளிலும் ஒரே பாடத்திட்டத்தில் வெளிவருகின்றன. பிளஸ் ஒன் இயற்பியலின் தமிழ்வழிப் புத்தகத்தைப் பள்ளி நூலகத்திலோ தமிழ்வழி மாணவர் ஒருவரிடமோ கேட்டு வாங்குங்கள். இணையத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நாளை நடக்கப்போகும் பாடத்தை இன்றிரவு தமிழில் ஒரு முறை வாசித்துவிட்டு வகுப்புக்குச் செல்லுங்கள். ஆசிரியர் சொல்வது காதில் விழும்போதே பொருள் தெரியத் தொடங்கும்.

ஒரு சிறிய நோட்டில் கலைச்சொற்களை இரண்டு பத்திகளாக எழுதிவாருங்கள்: திசைவேகம் – வெலாசிட்டி, முடுக்கம் – ஆக்சிலரேஷன், உந்தம் – மொமெண்டம் என்று. ஆங்கிலப் பத்தியில் சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். எழுத்துப்பிழை அங்கேயே திருந்திவிடும். அதன்பிறகு ஒவ்வொரு விடைக்கும் ஒரு 'ஏன்' கேட்டு, தமிழில் வாய்விட்டு விளக்குங்கள். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் ஏன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்? பந்தின் உந்தம் எப்படியும் சுழிக்கு வரத்தான் வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தை நீட்டித்தால் கையின் மீது செயல்படும் விசை குறைகிறது. இதை உங்கள் தம்பி தங்கைக்குப் புரியும்படி தமிழில் சொல்ல முடிந்துவிட்டால், ஆங்கிலத்தில் நான்கு சிறிய வாக்கியங்களாக எழுதுவது கடினமில்லை. புத்தகத்தின் நீண்ட வாக்கியம் உங்களுக்கு வேண்டாம். கலைச்சொற்களும் காரணமும் சரியாக இருக்கும் சிறிய வாக்கியங்களை நீங்களே அமைத்துக்கொண்டால், ஒரு சொல் மறந்தாலும் மற்ற வாக்கியங்கள் உங்கள் கையில் இருக்கும். வரையறைகளையும் விதிகளையும் மட்டும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யுங்கள். அங்கே மனப்பாடம் தேவைதான்.

கேள்வி: மலைக்கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் மாணவர்களில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பை எட்டியவர்கள். ஒற்றை அறை வீடு, மாலையில் வீட்டு வேலை. வீட்டில் படியுங்கள் என்று சொல்லவே மனம் வரவில்லை.
– ஆசிரியர், ஆத்தூர் பகுதி

பதில்: அப்படியானால் திருப்பிப் பார்க்கும் வேலையைப் பள்ளிக்குள்ளேயே முடித்துவிடுங்கள். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஏழெட்டு நிமிடம், ஐந்து சிறிய வினாக்கள் போதும்: நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு, போன வாரத்திலிருந்து இரண்டு, போன மாதத்திலிருந்து ஒன்று. புத்தகத்தைப் பார்க்காமல் எழுதட்டும், பிறகு அவர்களே திருத்திக்கொள்ளட்டும். மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். மதிப்பெண் என்றதும் பயமும் பார்த்து எழுதுவதும் வந்துவிடும். கடைசிப் பாடவேளையில் இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் புத்தகத்தைப் பார்த்துக் கேட்க, மற்றவர் பார்க்காமல் விடை சொல்ல, பிறகு இடம் மாறச் செய்யலாம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை முன்நின்று சொல்ல மற்றவர்கள் முறை சொன்னார்களே, அந்த வழக்கத்தில் எல்லாருக்கும் சட்டாம்பிள்ளை இடம் கிடைத்ததில்லை. நீங்கள் எல்லாருக்கும் கொடுங்கள். கேட்பவரும் அந்த வேளையில் படித்துக்கொண்டுதான் இருப்பார்.

கேள்வி: பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்கத் தரும் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்? எனக்குக் கை நடுங்குகிறது.
– பத்தாம் வகுப்பு மாணவி, விருத்தாசலம்

பதில்: அந்தப் பத்து நிமிடத்தில் விடைகளை நினைவுக்குக் கொண்டுவர முயலாதீர்கள், எவற்றை எழுதப்போகிறோம் என்று தேர்ந்தெடுப்பது மட்டுமே அந்த நேரத்தின் வேலை. கணிதத் தாளை எடுத்துக்கொண்டால், இரண்டு மதிப்பெண் பகுதியிலும் ஐந்து மதிப்பெண் பகுதியிலும் பதினான்கு வினாக்களில் பத்துக்கு விடையளிக்க வேண்டும், அவற்றில் 28-ஆம் வினாவும் 42-ஆம் வினாவும் கட்டாய வினாக்கள். ஆகவே முதலில் அந்த இரண்டையும் படியுங்கள். பிறகு எட்டு மதிப்பெண் வடிவியல், வரைபட வினாக்களில் எந்தத் தெரிவை எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். அதன்பின் உறுதியாகத் தெரிந்த ஐந்து மதிப்பெண் வினாக்களை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கை நடுங்கினால், எழுதத் தொடங்கும்போது நன்றாகத் தெரிந்த ஒரு மதிப்பெண் வினாக்களிலிருந்து தொடங்குங்கள். இவை எல்லாவற்றையும்விட, இப்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை எதிரே வைத்து, பத்து நிமிடம் படித்துவிட்டு மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதிப் பாருங்கள். பொதுத்தேர்வுக்கு முன் மூன்று நான்கு முறை அப்படி உட்கார்ந்து எழுதியவருக்கு, அன்றைய பத்து நிமிடம் ஏற்கெனவே பழகிய வேலையாக இருக்கும்.